ஆடப்படாததாகக் கருதப்படும் ஆட்டம்

கோதுமைச் சமவெளி லீக் மொத்தம் மூன்று கோடைகாலம் உயிரோடு இருந்தது. கன்சாஸின் மேற்குக் கோடியில், ரயில் நின்றாலும் இறங்க ஆளில்லாத ஆறு ஊர்கள் ஊருக்கு ஒரு பேஸ்பால் அணி வைத்துக்கொண்டு 1949இல் அதைத் தொடங்கின. ஆட்டக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்பே லீக்கின் சட்டப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. நாற்பத்தொரு பக்கம். அதில் பந்து என்ற சொல் நான்கு இடத்திலும் தலைவர் என்ற சொல் நூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் வந்தன. தலைவர் எந்த மைதானத்துக்குள் நுழைந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்றது எட்டாவது விதி. அவர் நுழையும் நேரத்தில் பந்து அந்தரத்தில் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் மூன்று உட்பிரிவுகள்.

தலைவர், டன்மோர் ஊர்ப் பல் மருத்துவர் லைமன் ஓபர்ஹோல்ட். அணிகளுக்குப் பெயர் சூட்டியதும் அவர்தான். ஓரின் ஊர் அணிக்கு 'வெட்டுக்கிளிகள்' என்று வைத்தார். வெட்டுக்கிளி மொட்டையடித்த வயல்களை மறக்காத ஓரின் விவசாயிகள், வேறு எந்தப் பிராணியாக இருந்தாலும் சரி என்று ஆள் அனுப்பிக் கெஞ்சினார்கள். பெயர் மாற்றக் கோரும் படிவம் இன்னும் வடிவமைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. வெட்டுக்கிளிகள் வெட்டுக்கிளிகளாகவே ஆடினார்கள்.

அவர்களில் பந்தெறிகிறவன் ஒருவன் இருந்தான். பெயர் மிலோ குச்செரா, வயது இருபது. அவனுடைய அப்பா ஏமில் குச்செராவுக்கு நேர்ந்ததுதான் இங்கே சொல்ல வேண்டியது.

ஏமில் ஓரின் தானியக் கிடங்கில் எடை போடுகிறவர். ஐரோப்பாவில் பொஹீமியாவிலிருந்து சிறுபிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். மனைவி இறந்து பன்னிரண்டு வருடம். பேஸ்பால் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "ஒருத்தன் பந்தை எறியறான், ஒருத்தன் மட்டையை வீசறான், மத்த பதினாறு பேரும் நின்னு எச்சி துப்பறான். இதுக்கு ஒரு மைதானம்," என்பார். ஆனாலும் மகனைத் தடுத்ததில்லை. கிடங்கில் அவன் மூட்டை தூக்கும்போது வலது கையை மட்டும் காப்பாற்றிக்கொண்டு தூக்குவதைப் பார்த்தும் பாராமல் இருந்துவிடுவார்.

1950 ஜூன் இருபத்தெட்டு, புதன்கிழமை. அறுவடை உச்சத்தில் இருந்தது. காலையில் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டே மிலோ கேட்டான்.

"அப்பா, இன்னிக்கு நாலு மணிக்கு நான்தான் எறியறேன். கெட்டில் ஊர்க்காரங்களோட. வர்றீங்களா?"

"அறுவடைடா. கோதுமை லாரி ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிக்குது. நான் எங்க வர்றது?"

"சரி சரி, சும்மாதான் கேட்டேன்."

சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது ஏமில் தலைமுடியில் உமியோடு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"ஜெயிச்சோம்பா."

"நல்லது. சூப் ஆறிடும், சாப்பிடு."

மிலோ இரண்டு தட்டு சாப்பிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பாவின் கண்கள் சொருகுவதைப் பார்த்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

அக்டோபரில் அவனைப் பட்டாளத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். பிப்ரவரியில் கொரியாவில், பெயர் இல்லாமல் எண் மட்டும் உள்ள ஒரு குன்றில் இறந்துபோனான். ஏப்ரலில் பெட்டி வந்தது. மே மாதம் ஒரு கடிதம் வந்தது, அவனோடு பதுங்குகுழியில் இருந்த ஒருவன் எழுதியது.

'குளிர் தாங்காமல் யாராவது அழ ஆரம்பித்தால் மிலோ அந்த ஆட்டத்தைச் சொல்வான். கெட்டில் அணிக்கு எதிராக ஒரே ஒரு அடிகூட விழாமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்த கதை. எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். உங்களிடம் சொல்லவில்லை என்று அவன் ஒருதரம் சொன்னான், ஆனால் வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நாங்கள் நினைத்தோம்.'

ஏமில் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முடிதிருத்தும் கடைக்குப் போனார்.

"ஹோமர், ஒரு அடிகூட விழாத ஆட்டம்னா என்னப்பா?"

ஹோமர் கத்தியைக் கீழே வைத்தார். "இருபத்தேழு பேரை அவுட்டாக்கணும், ஏமில். ஒருத்தன்கூட உருப்படியா அடிச்சு ஓடி நிக்கக் கூடாது. பெரிய பெரிய ஊர்ல ஆடறவனுக்கே ஆயுசுல ஒருதடவை வாய்க்கிறது கஷ்டம். உங்க மிலோ செஞ்சானே!"

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு இருந்தது மொத்தம் அம்பது பேரு, அதுல நானும் ஒருத்தன். நீங்க ஒருநாளும் அதைப் பத்திப் பேசலையா... பெருமையை வெளிய காட்டிக்காத மனுஷன்னு நாங்க நினைச்சுக்கிட்டோம்."

ஊர்ப் பத்திரிகையில் ஏன் வரவில்லை என்று கேட்டார் ஏமில். தலைவர் கையெழுத்திட்ட பிறகே எந்த முடிவையும் அச்சிடலாம் என்று விதி இருப்பதாகவும், கையெழுத்தாகி வருவதற்குள் கெட்டில் அணி கலைந்துவிட்டதாகவும் ஹோமர் சொன்னார். பதிவுப் புத்தகம் டன்மோரில் இருக்கிறது. போய்க் கேட்டால் ஒரு நகல் தரமாட்டார்களா என்ன.

லீக்கின் தலைமை அலுவலகமும் ஓபர்ஹோல்ட்டின் பல் மருத்துவமனையும் ஒரே அறை. செவிலி வெர்னா பிக்கெட்தான் லீக்கின் செயலாளர். வெள்ளைத் தொப்பி போட்டிருந்தால் செவிலி, அதைக் கழற்றிக் கணக்கர்கள் மாட்டுகிற பச்சைக் கண்மறைப்பு மாட்டினால் செயலாளர். ஏமில் விஷயத்தைச் சொன்னதும் அவள் தொப்பியைக் கழற்றினாள்.

"மனுதாரர் உட்கார்ந்த பிறகுதான் விசாரணை தொடங்கணும்."

அறையில் இருந்த நாற்காலி ஒன்றுதான். ஏமில் அதில் ஏறிச் சாய்ந்து படுத்தார். ஓபர்ஹோல்ட் கை கழுவிக்கொண்டு வந்தார். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

"வாயைத் திறங்க."

"நான் பல்லுக்கு வரலைங்க. என் பையன்..."

"பேசறதுக்கும் வாயைத் திறக்கத்தானே வேணும்?" என்றபடி ஓபர்ஹோல்ட் ஏமிலின் வாய்க்குள் கன்னத்துக்கு இரண்டு பஞ்சுருண்டையை வைத்தார். "இந்த லீக்ல மனுதாரர் பேச்சை முழுசாக் கேக்காம நான் ஒரு முடிவும் எடுத்ததில்ல. சொல்லுங்க."

ஏமில் சொன்னார். அவர் சொன்னதை வெர்னா 'மனுதாரர் மௌனமாக ஒப்புக்கொண்டார்' என்று எழுதிக்கொண்டாள். பிறகு பெரிய பதிவேட்டைப் புரட்டி, ஜூன் இருபத்தெட்டாம் தேதிப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஓரின், கெட்டில் என்று இரண்டு பெயர்கள். அதற்குக் கீழே இருக்க வேண்டிய எல்லாவற்றின் மேலும் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. தட்டச்சில் இரண்டே சொற்கள்: ஆடப்படாததாகக் கருதப்படும்.

"விதி பதினாலு," என்றார் ஓபர்ஹோல்ட், கொக்கியால் கடைவாய்ப்பல்லைத் தட்டிக்கொண்டே. "வருஷத்து ஆட்டங்கள்ல பாதியை முடிக்கறதுக்கு முன்னால ஒரு அணி விலகிடுச்சுன்னா, அது ஆடின ஆட்டமெல்லாம் ஆடப்படாத ஆட்டம். பாதின்னா அறுபத்துமூணு. கெட்டில் ஆடினது அறுபத்திரண்டு. ஒண்ணே ஒண்ணு குறைவு, பாவம்! மே இருபதாம் தேதி அவங்க மைதானத்துல ஒரு ஆட்டம் நின்னு போச்சு. ஏன் தெரியுமா? அன்னிக்குத்தான் நான் அவங்களுக்கு லீக் கொடியைக் கொடுத்தேன். 'நேரத்தின் அருமை' பத்திப் பேசினேன். மூணு மணி நேரம். ஒருத்தர் எழுந்து போகலையே! முடிச்சுத் திரும்பிப் பாக்கறேன், பொழுது சாஞ்சுடுச்சு. அவங்ககிட்ட விளக்கு கிடையாது."

ஏமில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏதோ முனகினார். ஓபர்ஹோல்ட் கனிவோடு குனிந்தார்.

"நீங்க அந்த ஆட்டத்தைப் பாக்க முடியலைன்னு வருத்தப்படறீங்க, அதானே? என் நெஞ்சே கலங்குது. ஆனா யோசிச்சுப் பாருங்க. நடக்காத ஒரு ஆட்டத்தைப் பாக்கலைன்னு யாராவது வருத்தப்படுவாங்களா? சட்டப்படி அன்னிக்கு நீங்க எதையும் தவறவிடல. லீக் உங்களுக்குச் செஞ்சது ஒரு உபகாரம்."

பிறகு அந்தப் பல்லைப் பிடுங்கினார். அது நல்ல பல்தான் என்று பிடுங்கிய பிறகு தெரிந்தது. மேல்முறையீட்டுக்கு வழி உண்டு என்றும், எதிரணி மேலாளர் சம்மதக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். வாசல்வரை வந்த வெர்னா தணிந்த குரலில் சொன்னாள்: "அந்தப் பட்டையை உரிக்க முடியுமான்னு நான் ஒருநாள் பாத்தேன் மிஸ்டர் குச்செரா. அடியில இருக்கற எழுத்தும் சேர்ந்து வருது. ஒட்டினவ நான்தான்."

கெட்டில் அணியின் மேலாளராக இருந்தவர் ஆர்வில் டேட். அணி கலைந்தபின் ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணையில் சேர்ந்திருந்தார். ஏமில் போனபோது, ஒரு நாளே ஆன குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து, சேவலை ஒரு பெட்டியிலும் பெட்டையை ஒரு பெட்டியிலும் போட்டுக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டதும் கையில் இருந்த குஞ்சைப் பார்க்காமலே ஒரு பெட்டியில் விட்டார்.

"மிலோவோட அப்பாவா நீங்க? உக்காருங்க பெரியவரே. அந்தப் பய எங்களைப் படுத்தின பாடு இருக்கே!" சிரித்தவர் ஏமிலின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்ன, அவனுக்கு ஏதாவது...?"

ஏமில் சொன்னார். ஆர்வில் இரண்டு பெட்டிகளையும் ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "காயிதம் போதாது. கூட்டத்துக்கு நானே வந்து சொல்றேன். அடி வாங்கினவன் சொன்னா ஏத்துக்கத்தானே வேணும்?"

ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பரில், டன்மோர் ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஆறு அணிகளில் இரண்டுதான் மிச்சம். கோடை முழுவதும் அவை இரண்டும் ஒன்றோடொன்று மட்டுமே ஆடியிருந்தன. ஆட்டக்காரர்களுக்கு ஒருவரையொருவர் பார்க்கவே அலுத்துப்போயிருந்தது. டன்மோர் அணி முதலிடம் பெற்றதற்கு ஒரு கோப்பையும் மற்ற அணி கடைசி இடத்தைத் தவிர்த்ததற்கு ஒரு கோப்பையும் மேசையில் இருந்தன. பிரார்த்தனை, கொடிப்பாட்டு, தலைவரின் உருவப்படத் திறப்பு, படத்தை வரைந்தவருக்குப் பாராட்டு, படத்துக்குச் சட்டம் போட்டவருக்குப் பாராட்டு என்று பதினெட்டுப் பொருள் முடிந்து, பத்தொன்பதாவதாக ஏமிலின் மனு வந்தது.

ஆர்வில் எழுந்தார். "என் பேரு ஆர்வில் டேட். கெட்டில் அணிக்கு..."

"எந்த அணி?" என்று கேட்டார் தலைவர்.

"கெட்டில்."

"அப்படியொரு அணி இல்லையே. இல்லாத அணிக்கு மேலாளர் இருக்க முடியாது. செயலாளர் அவர்களே, அந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்."

"நான் இங்கதானய்யா நிக்கறேன்! கண்ணு தெரியலையா உமக்கு?"

"காலி நாற்காலியிலிருந்து சத்தம் வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்."

வெர்னாவின் பேனா சற்றுத் தயங்கியது. பிறகு குறித்தது.

தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை விரித்தார். குரல் தழுதழுத்தது. அது பொய்யில்லை. தான் எழுதியதை வாசிக்கும்போதெல்லாம் அவருக்கு உண்மையாகவே தொண்டை அடைக்கும்.

"அன்பர்களே! விதி என்பது இரும்பு. ஆனால் இந்தத் தலைவரின் நெஞ்சு இரும்பல்ல. மனுவை ஏற்க முடியாவிட்டாலும், நாட்டுக்காக உயிர்நீத்த நம் வீரனுக்கு ஓர் அஞ்சலித் தீர்மானத்தை நானே இயற்றியிருக்கிறேன். 'ஓரின் அணியின் மிலோ குச்செரா, இந்த லீக்கில் வெற்றி பூஜ்யம், தோல்வி ஏழு என்ற பதிவை உடையவர். ஒருமுறைகூட வெல்லாதபோதும் மனம் தளராமல் எறிந்துகொண்டே இருந்த அந்தத் தோல்வியாளரின் உறுதியை லீக் மறவாது.' எல்லோரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

எல்லோரும் எழுந்தார்கள். மிலோ வென்றது மொத்தம் மூன்று ஆட்டம். மூன்றும் கெட்டிலை. ஏமிலுக்கு எழுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டதும் எழுந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மகனின் தோல்விகளுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்.

"நன்றி சொல்வதானால் சொல்லலாம்," என்றார் தலைவர்.

"அவன் என்கிட்ட ஜெயிச்சோம்னு சொன்னான்," என்றார் ஏமில். "அவன் பொய் சொல்ற பையன் இல்லைங்க."

"பிள்ளைகள் பெற்றோரின் மனம் நோகக் கூடாதென்று அப்படிச் சொல்வது இயல்புதான்," என்று தலைவர் பெருந்தன்மையோடு மன்னித்தார். கூடம் அனுதாபத்தோடு தலையசைத்தது.

இருபத்துமூன்றாவது பொருள், லீக்கைக் கலைப்பது. மிஞ்சிய இரண்டு அணிகளும் விலகல் கடிதம் கொடுத்திருந்தன. கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது. அப்போது வெர்னா எழுந்தாள். கண்மறைப்பை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"தலைவர் அவர்களே, விதி பதினாலு. இந்த வருஷம் மழையாலயும் விழாக்களாலயும் ரெண்டு அணியுமே பாதி ஆட்டத்தை முடிக்கல. இப்ப ரெண்டும் விலகியாச்சு. அதனால இந்த வருஷத்து ஆட்டம் எல்லாமே ஆடப்படாததாகக் கருதப்படும். டன்மோர் வாங்கின கோப்பையும் சேத்து."

தலைவர் கோப்பையைப் பார்த்தார். அதில் அவர் பெயர் அணியின் பெயரைவிடப் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது.

"விதியின் எழுத்தைவிட அதன் உயிர்தான் முக்கியம் என்று நான் எப்போதும் சொல்லி வருகிறேன்," என்றார். "ஆடியதை ஆடவில்லை என்று சொல்ல மனிதர்களான நமக்கு என்ன அதிகாரம்? வியர்வை சிந்திய அந்த இளைஞர்களின் முகத்தில் எப்படி விழிப்போம்? விதி பதினாலு இந்த நொடியோடு நீக்கப்படுகிறது. ஆதரிப்போர்?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏமிலும் கையை உயர்த்தினார், நம்பிக்கையோடு. "அப்படின்னா என் பையனோட ஆட்டமும் திரும்பி வந்துடுமில்லீங்களா?"

தலைவர் நிகழ்ச்சி நிரலை விரலால் தொட்டுக் காட்டினார். "உங்களுடையது பத்தொன்பதாவது பொருள், மிஸ்டர் குச்செரா. நாம் இப்போது இருபத்துமூன்றில் இருக்கிறோம். பின்னால் போக விதியில்லை. தவிர, லீக்கே கலைந்துவிட்டது. இங்கே முடிவெடுக்க இனி யாரும் இல்லை." சொல்லிவிட்டு, இருபத்துநான்காவது பொருளான தனக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்துக்குப் போனார்.

வெளியே செப்டம்பர் வெயில் மஞ்சளாகக் கிடந்தது. ஆர்வில் தன் பழைய லாரியில் ஏமிலை ஏற்றிக்கொண்டார். பண்ணையின் இறகு வாசம் அடித்தது. ஓரின் எல்லை வந்தது. மைதானம் தெரிந்ததும் ஏமில் சொன்னார்:

"இங்க கொஞ்சம் நிறுத்தறியா?"

பலகை இருக்கைகளை யாரோ விறகுக்குப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். எறிகிறவன் நிற்கும் மேட்டில் சூரியகாந்திச் செடிகள் முளைத்திருந்தன. ஏமில் வேலியருகில் நின்றுகொண்டார்.

"எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, ஆர்வில். ஆனா சொன்னாப் புரிஞ்சுக்குவேன். நீ சொல்லு. ஒண்ணையும் விடாம."

ஆர்வில் செடிகளை மிதித்துச் சாய்த்துவிட்டு மேட்டில் நின்று காட்டினார். அடிக்கிறவன் நிற்கிற இடத்துக்கு ஓடிவந்து நின்று காட்டினார். முதல் சுற்றில் யார் யார் வந்தார்கள், பந்து எப்படி வந்து எப்படித் திரும்பியது, யார் மட்டையை வீசி எறிந்துவிட்டுப் போனான் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். தானே எறிந்து, தானே வீசி, தானே ஏமாந்து, மூச்சு வாங்கினார். ஏழாவது சுற்றில் மிலோ ஒருவனுக்கு நான்கு பந்தை வெளியே போட்டு அவனைச் சும்மா நடக்கவிட்டதையும், அப்போது காது மடல்வரை சிவந்துபோனதையும் சொன்னார்.

"சிவந்துடும்," என்றார் ஏமில். "அவன் அம்மாவுக்கும் அப்படித்தான்."

எட்டாவது முடிந்தது. கடைசிச் சுற்றான ஒன்பதில் இருவர் அவுட்டானார்கள்.

"கடைசி ஆளு நான்தான் பெரியவரே. எங்ககிட்ட ஆள் பத்தல, மேலாளரும் மட்டையைத் தூக்கிட்டு வரவேண்டியதாப் போச்சு. ரெண்டு பந்து விட்டுட்டேன். மூணாவது நேரா நெஞ்சுக்கு நேர வந்துச்சு. அடிச்சுடலாம்னு நினைச்சேன். கடைசில சட்டுனு கீழ இறங்கிச்சு பாருங்க, தண்ணிக்குள்ள கல்லு போற மாதிரி. மட்டையைத் தோள்லேர்ந்தே எடுக்கல நான். மூணும் போச்சு, ஆட்டம் முடிஞ்சுது."

ஏமில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்புறம் அவன் என்ன செஞ்சான்? குதிச்சானா?"

"இல்ல. மத்த பயலுக எல்லாம் ஓடிவந்து கட்டிக்கிட்டானுக. இவன் அவங்க தலைக்கு மேல எட்டி, ஜனங்க உக்காந்திருந்த பக்கத்தையே பாத்துக்கிட்டு நின்னான். ஒவ்வொரு வரிசையாப் பாத்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஏதோ பொண்ணு வர்றேன்னு சொல்லியிருக்கா போல, அவளைத் தேடறான்னு நினைச்சேன்."

கிடங்குப் பக்கமிருந்து ஒரு லாரியின் ஹாரன் கேட்டது. ஏமில் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பொண்ணு இல்ல," என்றார்.